சலவைக்கல்லில் சிவந்த மஞ்சள்

ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோயில் நோம்பி முடிந்து மஞ்சள் நீராட்டு நடக்கிற நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், அது வெள்ளையாகத் திரும்பி வராது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். சித்தப்பா வீட்டுக்கு நோம்பிக்குப் போயிருந்தோம். யார் யாரோ சொம்பு சொம்பாக ஊற்றியதில் தலையிலிருந்து கால் வரை மஞ்சள். மறுநாள் ஊருக்கு வந்ததும், அம்மா அந்தச் சட்டையைக் கிணற்றடிச் சலவைக்கல்லில் விரித்து, சோப்புக் கட்டியால் ஒரு இழுப்பு இழுத்தார்.

சோப்பு போன தடம் முழுக்கச் சிவந்துவிட்டது. லேசான சிவப்பு அல்ல, கையை அறுத்துக்கொண்ட மாதிரியான சிவப்பு. நான் அலறினேன். அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சோப்புப் பட்டா அப்படித்தான் ஆகும் கண்ணு. தண்ணி ஊத்துனா மறுக்கா மஞ்சளாயிரும்" என்றார். இரண்டு குடம் ஊற்றி அலசினார். சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்து நின்றது. பிழிந்து கொடியில் போட்டார். பங்குனி வெயில். பொழுது சாய்ந்து எடுக்கப் போனபோது அந்த மஞ்சளிலும் பாதியைக் காணோம்.

அந்தச் சட்டை ஒரே நாளில் செய்த மூன்று காரியங்களுக்கும் காரணம் தெரிய எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறேன். பையர், அதாவது துணி வாங்குகிற கம்பெனிக்காரர், ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே ஷேடு வேண்டும் என்பார். அந்த நிறத்தைச் சின்னக் குடுவைக்குள் பனியன் துணியில் ஏற்றி, லேப் டிப் எடுத்துக் கொடுக்க வேண்டும். நிறம் பொருந்தினால் மட்டும் போதாது. துவைத்தால் போகக்கூடாது, தேய்த்தால் ஒட்டக்கூடாது, வியர்வைக்கு மாறக்கூடாது, வெயிலுக்கு வெளுக்கக்கூடாது. இருபது வருடத்துக்கும் மேலாக, நிறத்தை அசையாமல் கட்டிப்போடுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றால் கதையே வேறு. அங்கே ஒரு நிறமும் சும்மா இருப்பதில்லை. புளி பட்டால் ஒன்று, சுண்ணாம்பு பட்டால் ஒன்று, மூடி போட்டால் ஒன்று. எனக்கு இந்த அசையும் நிறங்கள்மேல்தான் ஆசை அதிகம். சட்டியில் நிறம் மாறுகிறது என்றால் உள்ளே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் படிக்கத் தெரிந்தால் சமையலில் பாதி தெரிந்த மாதிரி.

மஞ்சளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதன் நிறப்பொருள் குர்குமின். ஃபோகல், பெல்டியே என்ற இரண்டு பேர் 1815-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று தெரிய 1910 ஆகிவிட்டது. இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு வளையம், நடுவே கார்பன் அணுக்களால் ஒரு பாலம். அந்தப் பாலம் நெடுக ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். இயற்கை நிறங்களில் பெரும்பாலானவற்றின் சூட்சுமம் இந்த மாறி மாறி வருதலில்தான் இருக்கிறது.

அப்படி வரிசையாக அமைந்துவிட்டால் அங்குள்ள எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கிடக்காமல் வரிசை முழுக்க ஓடியாடும். ஆடி நோம்பிக்குத் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டுவோம் இல்லையா? திண்ணை உத்தரத்தில் கட்டிய குட்டைக் கயிற்றுத் தூரி வெடுக்கு வெடுக்கென்று ஆடும். புளியமரத்து உயரக் கிளையில் கட்டிய தூரி நின்று நிதானமாக ஆடும். இங்கேயும் அதே கணக்கு. வரிசை குட்டையாக இருந்தால் வேகமாக அதிரும் புற ஊதா ஒளியைத்தான் அது வாங்கும். நம் கண்ணுக்கு அந்த ஒளியே தெரியாது என்பதால் பொருள் நிறமற்றதாகத் தோன்றும். வரிசை நீள நீள, மெதுவாக அதிரும் ஒளிக்கு இறங்கி வரும். முதலில் ஊதா, அப்புறம் நீலம், அப்புறம் பச்சை. வாங்கியது போக மிச்சம் எதுவோ அதுதான் நமக்கு நிறம். குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம், ஊதாவும் நீலமும் சேருகிற இடத்து ஒளியை விழுங்குகிறது. மிச்சம் மஞ்சள்.

சோப்பு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர். காரத்தில் குர்குமின் தன் ஹைட்ரஜன் ஒன்றை விட்டுக்கொடுத்துவிடும். தூரிக்கு இன்னும் கொஞ்சம் கயிறு விட்ட மாதிரி, எலக்ட்ரான்கள் மேலும் தாராளமாகிப் பச்சை ஒளியையும் விழுங்கும். மிச்சம் சிவப்பு. தண்ணீர் விட்டு அலசினால் காரம் போகும், ஹைட்ரஜன் திரும்ப வந்து ஒட்டும், மஞ்சள் திரும்பும். கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றதும் ஆரத்தி கரைக்கிறார்களே, தட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் விரல் நுனியால் துளி சுண்ணாம்பு, ஒரு சுற்றுச் சுற்றினால் செக்கச்செவேல். அதுவும் இதுவேதான். மஞ்சளில் செய்த குங்குமமும் இதே வழியில் சிவந்ததுதான்.

வெயில் செய்தது வேறு வேலை. அது ஹைட்ரஜனைத் தொடவில்லை, பாலத்தையே அறுத்துவிட்டது. பாலம் போனால் வரிசை போச்சு, வரிசை போனால் நிறம் போச்சு. அதனால்தான் அந்தப் பாதி மஞ்சள் திரும்பவே இல்லை. உடைந்த துண்டுகளில் ஒன்று வனிலின். ஐஸ்கிரீமில் மணக்கிற அதே வனிலின்தான். கொடியில் காய்கிற மஞ்சள் கறையிலிருந்து அது உண்டாகிறது என்று முதன்முதலில் படித்தபோது, எழுந்து போய்ச் சட்டையை மோந்து பார்த்தேன். வாசம் தெரியவில்லை. கறையில் இருப்பது அவ்வளவு கொஞ்சம்.

நீளக் கயிற்றுக்கு நல்ல சாட்சி தக்காளி. அக்கா வீடு உடுமலைப் பக்கம். அங்கே தை மாதத் தக்காளிக்கும் சித்திரைத் தக்காளிக்கும் நிறத்தில் உள்ள வித்தியாசம் மூட்டை பிடிக்கிற ஆள் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். செடி எடுத்த எடுப்பில் சிவப்பைச் செய்வதில்லை. முதலில் ஃபைட்டோயீன் என்று ஒரு பொருளைச் செய்கிறது. நாற்பது கார்பன், ஆனால் மாறி மாறி வருகிற வரிசையில் இரட்டைப் பிணைப்பு மூன்றுதான். நிறமே கிடையாது. அதிலிருந்து ஹைட்ரஜனை ஜோடி ஜோடியாகக் கழற்றிக்கொண்டே போகிறது. மூன்று ஐந்தாகும், ஐந்து ஏழாகும், ஏழு ஒன்பதாகும். வெறும் தண்ணீர் நிறம் வெளிர் மஞ்சளாகி, மஞ்சள் அடர்ந்து, பதினொன்றில் வந்து நிற்கும்போது லைக்கோபீன். அதுதான் தக்காளிச் சிவப்பு. ஒரு பழத்துக்குள் தூரிக் கயிறு கண்ணி கண்ணியாக நீளுவதை நாம் காயிலிருந்து கனி வரைக்கும் வெளியே நின்று பார்க்கிறோம்.

அந்த லைக்கோபீனின் இரண்டு நுனியும் சுருண்டு வளையமானால் பீட்டா கரோட்டின். அதிலும் பதினொன்றுதான், ஆனால் நுனியில் உள்ள இரண்டும் வளையத்தோடு கொஞ்சம் திருகிக்கொள்வதால் கயிறு குட்டையான கணக்கு. சிவப்பு பின்வாங்கி ஆரஞ்சு ஆகிறது. கேரட்டின் நிறம் அது. வாக்கன்ரோடர் 1831-ல் கேரட்டிலிருந்து எடுத்ததால்தான் அதற்குக் கரோட்டின் என்றே பெயர் வந்தது. சித்திரையில் 30 டிகிரிக்கு மேல் வெயில் நின்று காயும்போது லைக்கோபீன் உண்டாவது தடைப்படும். பீட்டா கரோட்டின் அவ்வளவாகத் தடைப்படாது. அதனால்தான் கோடைப் பழம் எத்தனை நாள் வைத்தாலும் ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது. மண்டியில் அதைப் பழுக்காத பழம் என்று விலையைக் குறைப்பது எனக்கு நியாயமாகவே தோன்றவில்லை. பழம் பழுத்துவிட்டது. வெயில்தான் நிறத்தை மறித்தது.

லைக்கோபீனும் கரோட்டினும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தக்காளிக் குழம்பு கொதித்து அடங்கியதும் மேலே மிதக்கும் எண்ணெய் மட்டும் சிவந்து கிடப்பதைப் பாருங்கள். தக்காளியின் நிறமும் மிளகாயின் நிறமும் மஞ்சளும் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கும். எண்ணெயில் நன்றாக வதக்கிய தக்காளியிலிருந்து உடம்புக்கு லைக்கோபீன் அதிகம் சேர்வதும் இதனால்தான்.

கீரைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அப்பத்தா கீரை கடைவதை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகுதான் கீரை உள்ளே போகும். போட்ட சில நொடிகளில் பச்சை இன்னும் பளிச்சென்று ஆகும். இலைக்குள் திசுக்களுக்கு நடுவே அடைந்திருக்கும் காற்று வெளியேறி, மறைத்த திரை விலகுவதால் அப்படி. அப்பத்தா மூடி போட மாட்டார். மூடியை எடுத்துக்கொண்டு யாராவது கிட்டே வந்தால், "மூடாத சாமி, கருத்துப் போகும்" என்பார். வெந்து, பச்சைமிளகாயும் பூண்டும் போட்டு மத்தால் கடைந்து, இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் புளிக்கரைசல். முன்கூட்டியே ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் பச்சை காய்ந்த மாட்டுச்சாணி நிறத்துக்குப் போய்விடும்.

இலையின் பச்சை நிறப்பொருள் குளோரோஃபில். அது ஒரு பெரிய வளையம். நடுவில் ஒரே ஒரு மெக்னீசியம் அணு, நான்கு பக்கமும் நைட்ரஜன் பிடித்திருக்க உட்கார்ந்திருக்கும். இலை உயிரோடு இருக்கும்வரை அதன் சொந்த அமிலம் தனி அறையில் அடைபட்டிருக்கும். சூடு ஏறினால் அறைகள் உடையும், அமிலம் வெளியே வரும். அமிலத்தின் ஹைட்ரஜன் போய் மெக்னீசியத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். வளையம் அப்படியே இருக்கிறது, மெக்னீசியம் மட்டும் இல்லை, பச்சை மங்கிப் பழுப்பாகிறது. மூடி திறந்திருந்தால் ஆவியாகிற அமிலம் பாதி ஆவியோடு போய்விடும். மூடினால் மூடியில் முட்டிச் சொட்டுச் சொட்டாகச் சட்டிக்கே திரும்பும். அப்பத்தாவுக்கு மெக்னீசியம் தெரியாது. ஆனால் அது எப்போது எழுந்து போகும் என்பது நிமிடக் கணக்காகத் தெரியும். குளோரோஃபில் ஆய்வுக்காக ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மெக்னீசியம் அங்கே தற்செயலாக வந்த அழுக்கு அல்ல, வளையத்தின் சொந்த உறுப்பு என்று நிலைநாட்டியவர் அவர். அப்புறம் ஹான்ஸ் ஃபிஷர், நம் இரத்தச் சிவப்பின் ஹீமையும் இலைப் பச்சையையும் சேர்த்து ஆராய்ந்ததற்காக 1930-ல் பரிசு வாங்கினார். இரண்டுக்கும் வளையம் ஒரே குடும்பம். இலையில் நடுவே மெக்னீசியம், இரத்தத்தில் நடுவே இரும்பு.

சில மெஸ்களில் கீரை காலையில் செய்தது மதியம் இரண்டு மணிக்கும் கிளிப்பச்சையாக இருக்கும். ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன். ஆப்பசோடா என்று ஒத்துக்கொண்டார்கள். காரம் அமிலத்தை அடக்கிவிடுவதால் பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் அதே காரம் இலையின் செல்சுவரையும் கரைத்துக் கொழகொழப்பாக்கும், வைட்டமின் சி-யையும் அழிக்கும். கண்ணுக்குக் கொடுத்ததை வயிற்றிலிருந்து எடுத்துக்கொள்கிற வேலை அது. செய்யக்கூடாது.

பச்சை இலைக்குள் பச்சை மட்டும் இல்லை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ரசிய ஆய்வாளர் மிகயீல் ஸ்வெத், வார்சாவில் இருந்தபோது, கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து அதன் வழியே இலைச்சாற்றை இறக்கினார். 1906-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பச்சை, மஞ்சள் என்று வளையம் வளையமாகப் பிரிந்து நின்றது. நிறப்பகுப்பு என்கிற வித்தையே அங்கேதான் பிறந்தது. ரசிய மொழியில் ஸ்வெத் என்றால் நிறம் என்றே பொருள். என் மகளுக்காக அதை ஒரு சாக்பீஸில் செய்தேன். தண்டுக்கீரை இலையை அம்மியில் நசுக்கி, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் ஊறவைத்து, தட்டில் விரல் கனத்துக்கு ஊற்றி, சாக்பீஸை நிறுத்தினேன். திரவம் மெல்ல மேலே ஏறியது. கால் மணி நேரத்தில் கீழே பச்சைப் பட்டை, அதற்கு மேலே, யாரோ தனியாகப் பூசிவிட்ட மாதிரி, மெலிந்த மஞ்சள் பட்டை. கீரைக்குள் அந்த மஞ்சள் எப்போதும் இருந்ததுதான். பச்சை அதை மூடிக்கொண்டிருந்தது. இலை பழுத்து உதிரும்போதும், வாழைக்காய் பழமாகும்போதும் பச்சை கலைந்து அடியிலிருப்பது வெளியே வருகிறது.

கரோட்டின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மஞ்சள் நிறங்களில் ஒன்றுதான் லூட்டின். எங்கள் சீமையில் அதற்கென்றே வெள்ளாமை நடக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடி வரைக்கும் செண்டுமல்லி பூத்துக் கிடக்கும்போது, ஆரஞ்சுத் துணியை மைல் கணக்கில் விரித்த மாதிரி இருக்கும். எல்லாமே மாலைக்குப் போகும் பூ என்று நினைத்திருந்தேன். பெருமளவு ஆலைக்குப் போகிறது. பூவை ஊறல் போட்டுப் புளிக்கவைத்து, உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பான் விட்டுச் சாறெடுத்து, கோழித்தீவனத்தில் கலக்கிறார்கள். கோழியால் இந்த நிறத்தைத் தானாகச் செய்ய முடியாது, தின்றுதான் ஆக வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக் கருவின் மஞ்சளைப் பார்க்க விசிறி போல விரியும் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். வெளிர் மஞ்சளில் ஆரம்பித்து ஆரஞ்சு வரைக்கும் எண் போட்ட ஏடுகள். முதன்முதலில் அதைப் பார்த்ததும் என் லேப் ஷேடு கார்டு அங்கே எப்படிப் போயிற்று என்று ஒரு நொடி திகைத்தேன். கரு அடர்ந்த மஞ்சளாக இருந்தால் சத்து அதிகம் என்று எல்லோரும் நம்புகிறோம். அப்படி இல்லை, கோழி என்ன தின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. நாம் தின்ற லூட்டின் கடைசியில் கண்ணுக்குப் போகிறது. விழித்திரையின் நடுவில் மஞ்சள் புள்ளி என்று ஓர் இடம் உண்டு. அந்த மஞ்சளில் லூட்டினுக்குப் பங்கு உண்டு.

சிவப்புக்குள் ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. நாவல்பழம், கத்தரித்தோல், செவ்வாழைத்தோல், சங்குப்பூ எல்லாம் ஆந்தோசயனின். தண்ணீரில் கரையும், புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகிப் பச்சையாகும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாவது அதனால்தான். ராபர்ட் பாயில் 1664-லேயே ஊதாப்பூச் சாற்றை வைத்து அமிலமும் காரமும் கண்டுபிடிக்கலாம் என்று எழுதிவிட்டார். மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டியிலிருந்து வந்து இறங்குகிற பீட்ரூட்டைப் பார்த்தால் அதுவும் இதே சாதி என்றுதான் தோன்றும். இல்லை. அது பீட்டாலெயின். அதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு, செடி அதைச் செய்கிற வழியே வேறு. செந்தண்டுக்கீரை, காகிதப்பூ, அந்திமந்தாரை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் அந்தப் பக்கம். இந்த இரண்டு நிறமும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. ஏன் என்பதற்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை.

சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னாத பிள்ளை அன்றைக்கு எங்கள் ஊரில் இல்லை. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்து வேலியோரத்தில் பறித்து, மண்ணில் புரட்டி முள்ளை உதிர்த்து, கல்லில் கீறி, உள்ளே இருக்கும் அந்த ரோஸ் கலந்த சிவப்பை உறிஞ்சுவோம். நாக்கு, உதடு, மோவாய், சட்டைக் கை எல்லாம் சிவப்பு. மறுநாள் காலையில் ஒருவன் ஒன்றுக்குப் போகும்போது சிவந்துபோனதைக் கண்டு, செத்துப்போய்விடுவோம் என்று அழுதான். பீட்டாலெயின் சிலருக்குச் செரிமானத்தில் உடையாமல் அப்படியே வெளியேறும். வேறொன்றும் இல்லை. பீட்ரூட் தின்றாலும் அப்படித்தான், பயப்பட வேண்டாம். ஆனால் எட்டு வயதில் அதைச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் கள்ளி நம் மண்ணின் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதில் அடை அடையாக வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரல் இரத்தமாகும். சாயத்துக்கென்று 1795-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அசல் சாயப்பூச்சி அல்ல, தரம் குறைந்த வேறொரு இனம். பிறகு தென்னாட்டுக் காடுகளைக் கள்ளி மூடிக்கொண்டபோது, அதை அழிக்கவே இலங்கையிலிருந்து 1926-ல் இன்னோர் இனப் பூச்சியை இறக்கினார்கள். அது கள்ளியில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. அந்த விரல் சிவப்பு மட்டும் பூச்சி தானே செய்கிற நிறம், பழத்தின் சிவப்புக்கும் அதற்கும் உறவு இல்லை.

சாயத் தொழில் செய்கிறவன் இதையெல்லாம் எழுதினால் ஒரு கேள்வி வரும். இந்த நிறங்களையே துணிக்கு ஏற்றினால் என்ன? ஏற்றிப் பார்த்தோம். சில வருடம் முன்னால் ஒரு பையர் குழந்தைத் துணிக்குச் செடிச்சாயம்தான் வேண்டும் என்றார். எங்கள் தோட்டத்து மஞ்சளையே கொண்டுபோய், படிகாரம் போட்டு, பனியன் துணியில் ஏற்றினேன். குடுவையிலிருந்து எடுத்தபோது அப்படி ஒரு மஞ்சள், லேபில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். வெயில் சோதனையில், துணியின் பாதியை அட்டையால் மூடி, பக்கத்தில் எட்டு நீலக் கம்பளிப் பட்டைகளை வைத்து விளக்கடியில் போடுவோம். எந்தப் பட்டை வெளுக்கும்போது துணியும் வெளுக்கிறதோ அதுதான் மதிப்பெண். எட்டு உசத்தி, ஒன்று கடைசி. மஞ்சள் ஒன்றிலேயே நின்றுவிட்டது. சோப்புச் சோதனையில் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். ஆர்டர் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னபோது, "அது வெயிலுக்குத் தாக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நாங்கள் தினமும் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956-ல் சந்தைக்கு வந்தது. பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்வதால் துவைத்தாலும் போகாது. ஆனால் சோடா ஆஷ் என்கிற காரம் போட்ட சாயத் தண்ணீரில் சாயத்தில் ஒரு பங்கு இழையைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரையே பிடித்துக்கொள்ளும். அது துணிக்கு உதவாது. உப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடும். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து, கொடுமுடிக்குக் கொஞ்சம் கீழே காவிரியில் சேர்கிற நொய்யலில்தான் அந்தத் தண்ணீர் ஓடியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிக் கிடந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் நானும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன், அந்தத் தீர்ப்பு சரி என்றும் எனக்குத் தெரியும். ஒருநாள் அணைப்பக்கம் போய் நின்று பார்த்தேன். எதற்கும் அசையாத நிறம் வேண்டும் என்று நாங்கள் பாடுபட்டுச் செய்தது, ஆற்றிலும் அசையாமல்தான் நின்றது. வெயிலும் மண்ணும் தண்ணீரும் தொட்டால் உடைந்து கலந்துவிடுகிற மஞ்சளை ஒன்று என்று மதிப்பெண் போட்டுத் தள்ளிய கை இது. இப்போது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். செலவு அதிகம்தான். அந்தச் செலவைக் குறை சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஒன்பது மாதப் பயிர் வெட்டி முடித்து, களத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மஞ்சளை ஒடித்துப் பார்த்தால் நிறம் ஒரே சீராக இருக்காது, நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் தெரியும். நிறமும் எண்ணெயும் தனித்தனி அறைகளில் பொட்டுப் பொட்டாக அடைபட்டிருக்கும். வேகும்போது அறைகள் உடைந்து, மாவுச்சத்து கூழாகி, நிறம் எல்லா இடத்துக்கும் பரவும். கீரையில் பச்சையைக் கெடுக்கிற அதே அறை உடைதல், மஞ்சளில் நிறத்தைக் கூட்டுகிறது. அம்மா ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, குச்சி தடையில்லாமல் இறங்கியதும், "போதும், இறக்குங்க" என்றார்.

பதினைந்து நாள் காய்ந்தபிறகு மறுபடி போனேன். குவியலிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்தேன். மண்டியில் வியாபாரிகள் செய்வது போல இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தேன். டக்கென்று உலோகம் தட்டிய மாதிரிச் சத்தம். முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். நடுவிலிருந்து தோல் வரைக்கும் ஒரே நிறம்.